தொங்கலில் ஒரு நீல நூல்

அன்புள்ள தேவராஜ்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். முழங்கால் வலி பஸ் ஏற விடுவதில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவனுக்கு ஒருவழியாகக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வேதாகமத்தில் எண்ணாகமம் 15-ல், ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவனைக் கல்லெறிந்து கொன்ற கையோடு உடை ஓரத்தில் இளநீல நூல் சேர்த்த தொங்கல், அதாவது நூல் குஞ்சம், கட்டச் சொல்கிறதே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். எனக்கென்னவோ அது தொடர்ச்சியாகத்தான் படுகிறது. கட்டளையை மீறி ஒருவன் உயிரை விட்டான். இனி யாரும் மறக்காதபடி கண்ணில் படுகிற இடத்தில் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறது அடுத்த பகுதி. பார்த்து நினைவுகூர வேண்டியது என்பதால்தான் பின்னாளில் யூத வேத போதகர்களான ரபீமார் இரவில் இந்தக் கடமை இல்லை என்றார்கள். இருட்டில் எதைப் பார்ப்பது?

ஆனால் வேதபாட வகுப்பில் அதோடு நிறுத்திவிடாதே. ஞாபகத்துக்கு என்றால் எந்த நூலும் போதுமே, இளநீலம் எதற்கு? யாத்திராகமம் 28-ஐ எடுத்துப் பார். பிரதான ஆசாரியனின், அதாவது தலைமைக் குருவின், அங்கி முழுக்க அதே நீலம். நெற்றிப் பொற்பட்டயத்தைக் கட்டுவதும் நீல நாடாதான். வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளிலும் அதே நிறம். அதில் ஒரே ஒரு நூல் ஆடு மேய்க்கிறவன் உடையிலும் தொங்குகிறது! “ஆசாரிய ராஜ்யம்” என்று சீனாய் மலையில் கர்த்தர் இஸ்ரவேலரைச் சொன்னதை ஒவ்வொருவனும் மேலே போட்டுக்கொண்டு நடந்தான் என்பேன். ஜேக்கப் மில்க்ரோம் என்ற யூத அறிஞரும் இந்தக் கோணத்தில்தான் விளக்குகிறார்.

அந்த நீலம் மலிவானதல்ல, அதையும் சொல். மத்தியதரைக் கடல் நத்தையின் சின்னச் சுரப்பியிலிருந்து எடுத்த சாயம் அது என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. 1909-ல் பால் ஃபிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் அதே குடும்பத்து நத்தைகள் 12,000 எடுத்து ஊதாச் சாயம் பிரித்தார். கிடைத்தது 1.4 கிராம். நீலம் எப்படி வந்தது என்பது வெகுநாள் புதிராகவே இருந்தது. 1980-களில் இஸ்ரேலில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற வேதியியலாளர் சாயக் கரைசலை வெயிலில் வைத்தபோதுதான் ஊதா போய் நீலம் வந்தது. இடையில் பல நூற்றாண்டுகள் சாயமே வழக்கொழிந்து, யூதர்கள் வெள்ளை நூல் மட்டுமே கட்டினார்கள். பலர் இன்றும் அப்படித்தான்.

அப்புறம், அந்தக் காலத்தில் உடையின் ஓரம் ஆளையே குறித்தது. மெசொப்பொத்தாமியாவில் முத்திரை இல்லாதவன் களிமண் பலகையில் தன் உடை ஓரத்தை அழுத்திக் கொடுத்த வழக்கம் உண்டு. எங்கேதிக் குகையில் தாவீது சவுல் ராஜாவின் தொங்கலை அறுத்துவிட்டு ஏன் அப்படி மனம் அடித்துக்கொண்டான் என்பது இதைத் தெரிந்தபின்தான் எனக்கு விளங்கியது. வெறும் துணியென்றால் யார் கலங்குவார்கள்? சகரியா 8:23-ல் பத்துப் பேர் ஒரு யூதனின் தொங்கலைப் பிடித்துக்கொண்டு “உங்களோடே கூடப் போவோம்” என்பதும் இதே பொருளில்தான்.

மத்தேயு 9-ல் பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத உதிரப்போக்குள்ள, ஸ்திரீ பன்னிரண்டு வருஷ வேதனையோடு வந்து இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாளே, அது இந்தத் தொங்கலாகத்தான் இருக்க வேண்டும். கூட்டத்தில் கைக்கு எட்டியதைத் தொட்டாள் என்று நம் பிரசங்கங்களில் கேட்டிருப்போம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீட்டு என்று ஒதுக்கி வைக்கப்பட்டவள், அதிலும் பரிசுத்தத்தின் அடையாளமான அந்த இடத்தையே தொட்டாள்! அதே மத்தேயு 23-ல், ஊர் பார்க்கத் தொங்கலைப் பெரிதாக்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அவரும் தொங்கல் கட்டினவர்தான், ஆகவே குறை தொங்கலில் இல்லை. வகுப்பில் யாராவது கேட்டால் இதைச் சொல்.

உபாகமம் 22:12-ஐயும் சேர்த்து வாசி. நான்கு ஓரம் என்று அங்கேதான் வருகிறது. வகுப்பு எப்படிப் போனது என்று எழுது. அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஜெபராஜ்