எங்கள் பரிசலைக் கரை சேர்த்தவர்களுக்கு

ஊட்டமலை, சத்திரம், நாடார் கொட்டாய் சொந்தங்களுக்கும், அக்கரை அண்ணனுக்கும், நாகமரை பெரியப்பாவுக்கும் வணக்கம்.

இந்த நன்றிக் கடிதத்தை எழுதச் சொன்னது அப்பாதான். "வாயால சொன்னா ஆத்தோட போயிடும், எழுதிப் போடு" என்றார். ஒகேனக்கல்லில் நாற்பது வருஷமாகத் துடுப்புப் போடுகிறவர். எழுத்து வேலை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு, யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பெயர் போட வேண்டாம் என்று நீங்களே பல பேர் சொல்லிவிட்டதால், உறவுமுறை வைத்தே எழுதுகிறேன். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

2024 கோடை எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். முந்தின வருஷம் மழை பொய்த்து, கர்நாடகம் தண்ணீர் விடாமல், டெல்டாவில் குறுவை காய்ந்தது. இங்கே மெயின் அருவியில் தண்ணீரை விடப் பாறைதான் அதிகம் தெரிந்தது. சில நூறு கனஅடியில் பரிசல் தரை தட்டும். வந்த கூட்டம் பாறையில் நின்று செல்பி எடுத்துவிட்டுத் திரும்பியது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்னால் எல்லாக் கொடியும் துறைக்கு வந்தது. துண்டைத் தோளில் போட்டு அப்பாவோடு போட்டோ எடுத்தவர்கள்கூட உண்டு. "தண்ணி வரட்டும்யா, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள்.

தண்ணீர் வந்தது. ஜூலையில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி, மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிற தண்ணீர்க் கணக்கு நாளுக்கு நாள் ஏறி, ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியது. டி.வி.யில் அந்த எண்ணை வாசிக்கும்போது குரலில் ஒரு கல்யாண வீட்டுக் களை. தஞ்சாவூர் பக்கம் அப்படித்தான் இருந்திருக்கும், தப்பில்லை. எங்களுக்கு அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம்: குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை, அடுப்புக்கும் தடை.

வெள்ளம் ஏறிய அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

முதல் போன் அக்கரையிலிருந்து வந்தது. கர்நாடகப் பக்கம் பரிசல் விடுகிற அண்ணன். மணி பதினொன்று இருக்கும். "நீரு ஜாஸ்தி பர்தா இதே, மேலே எத்கோளி" (தண்ணீர் அதிகமாக வருகிறது, மேலே எடுத்துக்கொள்ளுங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காவிரிச் சண்டை வரும்போதெல்லாம் எல்லையில் பஸ் நிற்கும். 2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அந்தப் பக்கம் போராட்டம் நடந்தபோது சீசனே போனது என்று அப்பா சொல்வார். அப்போதும் இவரும் அப்பாவும் ஆற்றின் நடுவில் பீடி மாற்றிக்கொண்டவர்கள். அந்தத் திட்டம் 2013-இல் ஓட ஆரம்பித்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் காவிரி போனது. அதற்கு முன்னால் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர் யார் என்று என் அம்மா சிரித்தாலே பல் கறையில் தெரிந்துவிடும். அண்ணா, உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் கோபப்படுவார்களோ என்று அப்பா தயங்கினார். நான்தான் எழுதுகிறேன். அந்த ஒரு போனால் எங்கள் துறையில் பரிசல்கள் தப்பின. நன்றி.

அப்பாவுக்கு அப்போது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அம்மாவும். என்ன செய்ய? நான் வாசலில் நின்று கத்தினேன், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பையன்கள் வந்தார்கள். பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கினால் ஆள் தெரியாது, இரண்டு கால் மட்டும் தெரியும். மழையில், டார்ச் வெளிச்சத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய ஆமைகள் மேடு ஏறிப் போவதுபோல இருந்தது. டார்ச் பிடித்தவர் எங்கள் வார்டு உறுப்பினர். நாங்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அது அவருக்கும் தெரியும். விடியும்வரை நின்றார், முட்டிவரை சேறு. ஐயா, அடுத்த முறையும் நாங்கள் எங்கள் சின்னத்துக்குத்தான் போடுவோம், ஆனால் இந்த நன்றி உங்களுக்குத்தான்.

எங்கள் பரிசல் மட்டும் போய்விட்டது. கடைசியில் கட்டியிருந்தது, கயிறு அறுந்திருக்க வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது. போய்விட்டது என்று தெரிந்த பையன் ஒருவன் என் முன்னால் நின்று அழுதான். தம்பி, நீ இன்னும் என்னைப் பார்த்தால் தலை குனிகிறாய். இனிமேல் வேண்டாம்.

ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. மற்ற வருஷம் அன்றைக்குத் துறையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த முறை ஆறுதான் கரை முழுக்க நின்றது. மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டுவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் வீட்டு டப்பாவில் அரிசி அடி தெரிந்தது.

மீன் சமைத்துத் தருகிற அக்காவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் கட்லாவோ கெளுத்தியோ வாங்கிக் கையில் கொடுத்தால், மசாலா அரைத்து, விறகடுப்பில் குழம்பும் வறுவலும் செய்து தருவது அவர் தொழில். ஆள் வராவிட்டால் அவருக்கும் வருமானம் இல்லை. எங்களுக்கு என்ன நிலைமையோ அதேதான் அவருக்கும். ஆனாலும் தினம் பொழுது சாயும் நேரத்தில் ஒரு தூக்கு எங்கள் திண்ணையில் இருக்கும். கதவைத் தட்ட மாட்டார். ஒரு நாள் உள்ளே வெறும் மீன் தலைக் குழம்பு, மறு நாள் புளித்தண்ணி மாதிரி ஒரு ரசம். தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போன அம்மா, அவர் வீட்டுப் பிள்ளைகளும் அதே ரசத்தைத்தான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து வெகு நேரம் பேசவில்லை. அக்கா, கடன் என்று எழுதி வைத்தால் நீங்கள் திட்டுவீர்கள். எழுதி வைக்கவில்லை.

எண்ணெய் மசாஜ் செய்கிற சித்தப்பா தினமும் வந்து, கட்டுப் பிரித்த அப்பாவின் கையை நீவிவிட்டார். "துடுப்புப் பிடிக்கிற கையி, விட்டா மரத்துப்போயிடும்" என்பார். காசு வாங்கவில்லை. கதைதான் நிறையச் சொன்னார், அதில் பாதி பொய்.

மனு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் உண்டு. நியாயமான உதவி. அதேபோல வெள்ளத் தடை நாட்களுக்குப் பரிசல்காரர்களுக்கும் ஏதாவது கொடுங்கள் என்றுதான் கேட்டோம். மனுவை எழுதிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான்கு முறை திருத்தினார். "கெஞ்சாதே, கேள்" என்று ஒரு வரியை அடித்தார். அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் படித்துப் பார்த்து, "ஆத்துல தண்ணி வந்தா நல்லதுதானேப்பா, அதுக்கு எதுக்கு நிவாரணம்?" என்று சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த அம்மா ஒருவர் மட்டும் எழுந்து வந்து, எந்தத் தாளை எதோடு இணைக்க வேண்டும் என்று சொல்லி, தன் ஸ்டேப்ளரால் குத்திக் கொடுத்தார். ரசீதும் வாங்கித் தந்தார். பதில் இதுவரை வரவில்லை. அம்மா, ரசீது பத்திரமாக இருக்கிறது.

அந்த அலுவலகத்துக்காரர் சிரித்ததில் எனக்குக் கோபம் இருந்தது. ஊருக்கு வந்து யோசித்தால், அந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை என்று தோன்றியது. 2018 உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு என்று சொன்ன 177.25 டி.எம்.சி. முழுக்க எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. அதில் எவ்வளவு வயலுக்கு, எவ்வளவு குழாய்க்கு என்று கணக்கு இருக்கிறது. உபரி நீரைத் தருமபுரி ஏரிகளுக்கு ஏற்றச் சொல்லிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது, அதுவும் சரிதான். ஆற்றின் மேலேயே பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டாலும் பட்டினி, நிறைய வந்தாலும் பட்டினி. கபினியில் மழை அளவாகப் பெய்ய வேண்டும் என்று கும்பிடுகிற ஜாதி நாங்கள்தான்.

இனி நாகமரை பெரியப்பா.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. "உங்க பரிசல் ஒண்ணு எங்கிட்ட இருக்குங்க" என்றது குரல். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறவர். சீமைக்கருவேல மரத்தில் சிக்கிக் கிடந்ததாம். உரிம எண்ணில் இரண்டு இலக்கம்தான் அழியாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆள் ஆளாக விசாரித்து எங்கள் வீட்டு எண்ணைப் பிடித்திருக்கிறார். அப்பாவும் நானும் போனோம். புளியமரத்தடியில் கவிழ்த்து, கரையான் ஏறாமல் கல் அடுக்கி வைத்திருந்தார். அப்பா போனதும் பரிசலைத் தொடவில்லை, சுற்றி ஒரு நடை நடந்தார். விளிம்புக் கயிற்றில் அம்மாவின் ஊதாச் சேலைக் கிழிசல் அப்படியே இருந்தது. ஒடிந்த மூங்கில் பத்தை ஒன்றை, வலை பின்னுகிற நைலான் நூலால் இழுத்துக் கட்டியிருந்தார். அவர் பரிசல் ஓட்டையாகிக் கரையில் கிடந்தது. அப்படியும் எங்களுடையதில் ஒரு நாள்கூடத் தொழிலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அடுத்தவன் பரிசல்ல வந்த மீனு செரிக்காதுங்க" என்றார். அப்பா நீட்டிய பணத்தை வாங்கவில்லை. டீ மட்டும் வாங்கிக்கொண்டார், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

புது பிளாஸ்டிக் ஷீட் போட்டு, தார் காய்ச்சிப் பூசியதில் பையன்கள் அத்தனை பேர் கையும் கறுத்தது. அழுத தம்பிதான் அதிகம் பூசினான். பரிசல் மறுபடி இறங்கிய அன்றைக்கு முறைப்படி எட்டாவது ஆள் அப்பா. முன்னால் இருந்த ஏழு பேரும் விலகி, "நீ போ மாமா" என்றார்கள். ஏறியது ஓசூர்க் குடும்பம் ஒன்று. லைஃப் ஜாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று குழந்தை அழுதுகொண்டே போனது. அப்பா சிரித்துக்கொண்டே போனார்.

பெரியப்பா கட்டிய அந்த நைலான் முடிச்சு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. புதுப் பத்தை போடலாம் என்றால் அப்பா கேட்கவில்லை. "கட்டு நல்லாதான் இருக்கு" என்கிறார்.

கடைசியாக ஒன்று. நாகமரையிலிருந்து மினி லாரியில் பரிசலை ஏற்றி வந்து, டீசல் காசுகூட வாங்காமல் போன அண்ணா, உங்கள் நீலத் தார்ப்பாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். மழைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஊட்டமலைப் பரிசல்காரர் மகள்