ஒரு வருஷ இடம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. "சர்ஜரி பிரிலிமினரி கிடைச்சாலும் போதும்ப்பா" என்று, அமெரிக்காவில் மருத்துவ மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் நீ நேற்று போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அது ஒரே ஒரு வருஷத்துக்கான இடமாச்சே. மருத்துவம் எனக்குத் தெரியாது, ஒரு வருஷ வேலை தெரியும். நீ பிறக்கும் முன் லீவ் வேகன்சியில், லீவில் போனவர்களுக்குப் பதிலாக, வாத்தியாராக இருந்தவன் நான். ஏப்ரல் வந்தாலே வயிற்றைக் கலக்கும்.

நீ அனுப்பியதைப் படித்து எனக்குப் புரிந்தது இது. கேட்டகரிக்கல் என்றால் முதல் வருஷம் சேர்ந்த இடத்திலேயே படிப்பை முடிக்கலாம். இன்டர்னல் மெடிசினுக்கு 3 வருஷம், ஜெனரல் சர்ஜரிக்கு 5. நீ ஆசைப்படும் ரேடியாலஜியில் பல இடங்கள் அட்வான்ஸ்ட். இந்த மார்ச்சில் மேட்ச் ஆகி இடம் உறுதியானாலும் அடுத்த வருஷ ஜூலையில்தான் அந்த 4 வருஷப் படிப்பு தொடங்கும். நடுவில் இருக்கும் முதல் வருஷத்துக்குத்தான் பிரிலிமினரியும் டிரான்சிஷனல் இயரும். முன்னது சர்ஜரி மாதிரி ஒரு துறையைச் சார்ந்தது. பின்னது பல துறைகளைச் சுற்றி வருவது, நம் ஹவுஸ் சர்ஜன் வருஷம் மாதிரி. நீ இங்கே ராப்பகலாக வார்டில் நின்ற அந்த வருஷம் அங்கே கணக்கில் வராதாம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அட்வான்ஸ்ட் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிலிமினரி போனால் பயமில்லை. வெறும் சர்ஜரி பிரிலிமினரி மட்டும் என்றால், கேட்டகரிக்கல்காரர்களோடு அதே நைட் ட்யூட்டி பார்த்துவிட்டு, அந்தக் களைப்போடேயே மறுபடி விண்ணப்பம் போட்டு இன்டர்வியூவுக்கும் உட்கார வேண்டும். ஜூன் முடிந்தால் இடமும் போய்விடும், விசாவும் கேள்விக்குறி.

அதனால் உன் விருப்ப வரிசையை எழுதிக் கொடுக்கும் ரேங்க் லிஸ்டில் ரேடியாலஜி இடங்களை மேலே போடு. ஒவ்வொரு அட்வான்ஸ்ட் இடத்தோடும் முதல் வருஷத்துக்கான துணைப் பட்டியலை இணைக்க மறந்துவிடாதே. அது இல்லாவிட்டால் ரேடியாலஜி கிடைத்தும் முதல் வருஷத்துக்கு அலைய வேண்டிவரும். அடுத்து இன்டர்னல் மெடிசின் கேட்டகரிக்கல். தனி சர்ஜரி பிரிலிமினரியைப் போட்டே ஆக வேண்டுமென்றால் கடைசியில் போடு. போடும் முன், அங்கே போன வருஷம் பிரிலிமினரியில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடமே வேண்டாம் கண்ணு. லிஸ்டில் போட்டது கிடைத்துவிட்டால் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

லிஸ்டை உறுதி செய்யும் முன் ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டு. எந்த ராத்திரியானாலும் போனை எடுப்பேன்.

அப்பா