மிலே யார் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்

பெல்கிரேடு ரயில்வே அருங்காட்சியகத்தாருக்கும் லாய்கோவாட்ஸ் நகராட்சியாருக்கும் வணக்கம்.

"மிலே லாய்கோவாட்ஸ் ரயில் பாதையில் போகிறான்" என்று, மிலே என்ற ஆளைப் பற்றித் தொடங்கும் உங்கள் செர்பிய நாட்டுப்பாட்டைப் பற்றித்தான் இந்த மடல். செர்பியக் கல்யாணங்களில் அக்கார்டியன் அந்த மெட்டைத் தொட்டாலே கூட்டம் கூடவே பாடிவிடும். ஆனால் அந்த மிலே யார்? அதற்கு ஒரே பதில் கிடையாது. பலகையில் எழுதவும் சுற்றுலாக் கையேட்டில் போடவும் வசதியாக ஒரு கதையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதுவே வரலாறு என்று முத்திரை குத்திவிடாதீர்கள் என்பதே என் கோரிக்கை.

பாட்டில் உறுதியாக நிற்பது ஆள் அல்ல, பாதை. 1908-இல் வால்யேவோ நகர் வரை வந்த அந்தப் பாதையின் அகலம் வெறும் 760 மில்லிமீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு சாச்சக் நகர்ப் பக்கம் போகும் பாதையும் சேர்ந்துகொள்ள, லாய்கோவாட்ஸ் பெரிய சந்திப்பானது. எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட் வந்தது. டிரைவர், கரி அள்ளுபவர், தண்டவாளத் தடம் மாற்றும் பாயின்ட்ஸ்மேன் என்று ஊரில் பலருக்கு ரயில்தான் சோறு போட்டது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மிலே மட்டுமா இருந்திருப்பான்?

குறுகிய பாதைகள் 1970 வாக்கில் மறைந்தன. இப்போது ஊர் வழியே போவது 1976-இல் முழுமையாகத் திறந்த, பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் பார் துறைமுகம் வரை 476 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அழகான பாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மிலே போனது இதில் அல்ல. இந்த வித்தியாசத்தையாவது வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

பொஜேகா ஊரில் குறுகிய பாதை எஞ்சின்களையும் பெட்டிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். இரும்புக்குக் கிடைத்த கவனம் வாய்மொழிக்கும் கிடைக்கட்டும். ரயில்வேக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது, எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டு, முரண்படும் கதைகளையும் வெட்டாமல் வையுங்கள். பாட்டின் வரிகளும் பாடுகிறவருக்கேற்ப மாறும்; அவற்றையும் சேருங்கள். நீராவி எஞ்சினில் வேலை பார்த்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து இந்தப் பாட்டைக் கேட்கும் ஒரு தமிழ் ரசிகன்