இரவல் வீரரும் இழந்த நிமிடங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு வெளிமாவட்ட வீரர்களைக் காசு கொடுத்து இறக்குவது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். அமெரிக்க பேஸ்போலில் நாளை வரப்போகும் பையன்களைக் கொடுத்துவிட்டு இன்று ஆடும் நட்சத்திரத்தை வாங்குகிறார்களே, நாங்கள் செய்தால் மட்டும் குற்றமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் இளையோருக்கு உதைபந்தாட்டம் பழக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எல்லே ஆடியவர்களுக்கு, அடித்துவிட்டு ஓடி வட்டம் சுற்றி வரும் பேஸ்போல் கணக்கு பெரிய புதினமல்ல. புதிதாகத் தோன்றுவது, இளையவர்களைக் கீழ்நிலை அணிகளில் வைத்து வளர்த்தெடுக்கும் அதன் பண்ணை முறைதான். அங்கே உச்சப் போட்டித்தொடரான மேஜர் லீக்கில் 30 கழகங்கள். ஒவ்வொன்றின் கீழும் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிநிலை அணிகள், மொத்தம் 120. அவற்றுக்கும் கீழே புளோரிடாவிலும் அரிசோனாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் புதுமுகங்களுக்கான ஆட்டங்கள் நடக்கின்றன. 18 வயதில் உள்ளே வரும் பையன் இந்தப் படிகளை ஏறி முடிக்க நாலைந்து வருடம் பிடிக்கும். பெரும்பாலானவர்கள் மேலே வந்து சேருவதே இல்லை. இந்த முறையை 1920களில் கட்டி எழுப்பியவர் சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தை நடத்திய பிராஞ்ச் ரிக்கி. காரணம் கொள்கை அல்ல, காசில்லாமை. பணக்காரக் கழகங்களோடு ஏலத்தில் நின்று ஆள் பிடிக்க முடியாததால், சின்ன ஊர்க் கழகங்களில் பங்கு வாங்கி அங்கேயே ஆளை வளர்த்தார். 1926, 1931, 1934 என்று கிண்ணங்கள் வந்தன. கையில் காசில்லாதவன் கண்டுபிடித்த வழி அது என்பதை வன்னிக் கழகங்கள் கவனிக்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். மேஜர் லீக் அணிக்கு ஏறிய ஒரு வீரர், 172 நாட்களை ஒரு வருடமாகக் கணக்கிட்டு ஆறு வருடச் சேவை முடியும்வரை அந்தக் கழகத்துக்கே உரியவர். முதல் மூன்று வருடத்தில் சம்பளமும் பெரும்பாலும் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே பண்ணையில் இருக்கும் ஒரு பையனைக் கொடுப்பது என்றால் மலிவான ஆறு வருடத்தைக் கொடுப்பது. பதிலுக்கு ஜூலைக் கடைசியில் வாங்கும் நட்சத்திரம், ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருப்பவரானால், இரண்டு மாத ஆட்டமும் அதற்குப் பின் வரும் இறுதிச் சுற்றுகளும்தான். ஆறு வருடத்துக்கு இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம் கிண்ணத்தைக் கொண்டுவருமா என்பதுதான் முழுச் சூதாட்டமும்.

1987 ஓகஸ்ட் 12ஆம் திகதி டெட்ரொய்ட் டைகர்ஸ் கழகம் 36 வயதுப் பந்தெறிவீரர் டொய்ல் அலெக்ஸாண்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கியது. அவர் ஏமாற்றவில்லை. 11 ஆட்டங்களைத் தொடங்கி 9 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை. அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிறகு மினசோட்டாவிடம் 4க்கு 1 என்று தோற்று வெளியேறியது; அதில் அலெக்ஸாண்டர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் தோல்வி. 1989உடன் அவர் ஆட்டத்தை விட்டார். அவருக்காகக் கொடுத்த பையன் ஜோன் ஸ்மோல்ட்ஸ். அப்போது வயது 20, டபுள் ஏ தரத்தில் 4 வெற்றி, 10 தோல்வி. அந்தத் தாளை மட்டும் பார்த்தால் யாரும் கொடுத்துவிடுவார்கள். அட்லாண்டாவில் அவர் 20 வருடம் ஆடினார், 1995 கிண்ணத்தில் பங்கெடுத்தார், 2015இல் புகழ்மண்டபத்துக்குள் போனார். டெட்ரொய்ட் செய்தது விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய வேலை. அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

பொஸ்டன் விட்ட பிழை வேறு மாதிரி. 1990 ஓகஸ்டில் லாரி அண்டர்சன் என்ற பந்தெறிவீரருக்காக ஜெஃப் பாக்வெல் என்ற பையனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. பாக்வெல் காத்து ஆடிய மூன்றாம் தளத்தில் மேல் அணியில் வேட் பொக்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்ததால், பையன் உபரி என்று எண்ணினார்கள். ஒரே அடியில் வட்டம் முழுக்கச் சுற்றி வரும் ஹோம் ரன்கள், அந்த வருடம் டபுள் ஏயில் அவர் அடித்தது வெறும் 4. ஆனால் அதே தாளில் அடிச் சராசரி .333, அதாவது மூன்று முயற்சிக்கு ஒரு நல்ல அடி; இரண்டு தளம் ஓடிய அடிகள் 34. பந்தைச் சுத்தமாக அடிக்கிற 22 வயதுப் பையனின் உடம்பில் இன்னும் பலம் ஏற இடமிருக்கிறது என்பதை அந்த 34 சொல்லியது. அவர்கள் 4ஐ மட்டும் வாசித்தார்கள். ஹூஸ்டன் அவரை முதலாம் தளத்துக்கு மாற்றியது. 1991இல் சிறந்த புதுமுகம், 1994இல் லீக்கின் சிறந்த வீரர், ஓய்வு பெறும்போது 449 ஹோம் ரன்கள். அண்டர்சன் பொஸ்டனுக்காக எறிந்தது 22 இன்னிங்ஸ்; பேஸ்போல் கணக்கில் மூன்று முழு ஆட்டம்கூட இல்லை.

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாங்களும் ஒருபக்கம் சாய்ந்தவர்கள் ஆவோம். பண்ணைக்கும் கொள்ளளவு உண்டு. மேஜர் லீக் ஒப்பந்தப் பட்டியலில் 40 பேர்தான் இருக்கலாம். 18 வயதில் சேர்த்தவரை ஐந்து பருவத்துக்குள், அதற்கு மேற்பட்ட வயதில் சேர்த்தவரை நான்கு பருவத்துக்குள் அந்தப் பட்டியலில் ஏற்றாவிட்டால், டிசம்பரில் வேறு கழகம் ஒரு சிறு தொகையைக் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் முற்றிவிட்டால் இடமிராது. அறுக்காமல் விட்ட வயலில் மணி கொட்டுவதுபோல, சும்மா இருந்தாலே நட்டம். அந்த வேளையில் இரண்டு பேரைக் கொடுத்து ஒரு தேர்ந்த வீரரை வாங்குவது கெட்டித்தனம். சும்மா வைத்திருந்து இழந்ததற்கு அழகான உதாரணம் 1954இல் இருக்கிறது. புரூக்ளின் டொட்ஜர்ஸ், ரொபேர்டோ கிளமெண்டே என்ற பையனை 10,000 டொலர் கொடுத்துச் சேர்த்து, தன் பண்ணை அணியான மொன்றியலில் வைத்திருந்தது. அப்போதைய விதிப்படி பிட்ஸ்பர்க் 4,000 டொலரைக் கட்டி அவரை எடுத்துவிட்டது. பிட்ஸ்பர்க்கை அப்போது நடத்தியவர் யார் தெரியுமா? அதே பிராஞ்ச் ரிக்கி. இடையில் சில வருடம் டொட்ஜர்ஸ் பண்ணையைப் பெருப்பித்தவரும் அவரே. பந்தை அடித்துத் தளம் சேர்ந்த கணக்கில் கிளமெண்டே 3,000ஐத் தொட்டது பிட்ஸ்பர்க் சட்டையோடு.

வாங்கி வென்றவர்களும் உண்டு. 2016இல் சிக்காகோ கப்ஸ், கிளேபர் தொரஸ் உட்பட நால்வரைக் கொடுத்து அரோல்டிஸ் சப்மனை வாங்கி, 1908க்குப் பிறகு முதல்தடவையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. ஆனால் கிறிஸ் பிரயன்ட், ஹாவியர் பாயெஸ் போன்றோர் அதே கழகப் பண்ணையில் விளைந்து ஏற்கெனவே மேலே ஆடிக்கொண்டிருந்தார்கள். சப்மன் கூரைக்கு வைத்த கடைசி ஓடு; சுவர் முன்பே எழும்பியிருந்தது. மாறாக சான் டியாகோ 2022இல் ஹுவான் சொட்டோவுக்காக ஒரு பண்ணையின் மேல்தட்டையே கொடுத்தது. அந்த வருடம் கிண்ணத்துக்கான கடைசித் தொடருக்கு ஒரு படி முந்திய சுற்றுவரை போனது, அடுத்த வருடம் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை, அதற்குப் பிறகு சொட்டோவை நியூயோர்க்குக்கு மாற்றிவிட்டது. பையன்களைப் பெற்ற வொஷிங்டனும் 2025 வரை எந்தப் பருவத்திலும் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். பையன்கள் மட்டும் இருந்தாலும் போதாது.

வாசகர் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம். அங்கே வாங்குகிறவர் கொடுக்கவும் வேண்டும். கொடுக்கப் பண்ணை இருக்க வேண்டும். பண்ணை இல்லாத கழகத்துக்கு நட்சத்திரம் வாங்கும் வழியே சுருங்கிவிடும். நம் கழகங்கள் யாரையும் கொடுப்பதில்லை, காசை மட்டும் கொடுக்கின்றன. அதனால் ஒன்றும் இழக்கவில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் இழப்பது ஆட்ட நிமிடங்களை. 30 நிமிடப் பாதிகள் இரண்டு கொண்ட ஒரு சுற்றுப்போட்டியில் இறுதிவரை நான்கு ஆட்டம் என்று வையுங்கள். மூன்று இரவல் வீரர்கள் முழுநேரமும் ஆடினால் 3 x 4 x 60, அதாவது 720 நிமிடம். வருடத்தில் இப்படி ஆறு சுற்றுப்போட்டி என்றால் 72 மணித்தியாலம். அது நம் 18 வயதுப் பையன்கள் சனக்கூட்டத்துக்கு முன்னால் ஆடியிருக்க வேண்டிய நேரம். பயிற்சியில் எத்தனை மாதம் ஓடினாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. இரவல் வருபவர் பக்கவாட்டில் ஆட வருவதில்லை. கோல்காப்பாளர், நடுப் பின்வரிசை, நடு முன்வரிசை என்று அணியின் முதுகெலும்பிலேயே இறங்குகிறார். ஊர்ப் பையன்கள் ஓரங்களில் ஓடப் பழகுகிறார்கள். பிறகு மாவட்ட அணியைத் தெரிவுசெய்யும்போது வேகமான ஓரக்காரர் ஒன்பது பேர் நிற்பார்கள், கோலுக்குள் நிற்க நம்பி விடக்கூடிய ஒருவர் இருக்கமாட்டார். தெரிவாளர்களைத் திட்டிப் பயனில்லை.

வளர்ப்பது செலவான வேலை என்ற எண்ணமும் சரியல்ல. 14 வயதை ஒட்டிய 24 பையன்களுக்கு வேண்டியது ஐந்தாம் இலக்கப் பந்து 12, இரண்டு நிறத்தில் மேலங்கி 12 வீதம், அடையாளக் கூம்பு 40. பந்து இருவருக்கு ஒன்று இருக்க வேண்டும். 24 பேருக்கு மூன்று பந்து என்றால் அது வரிசையில் நிற்கப் பழக்குவது. கிழமைக்கு மூன்று நாள், வெயில் சரிந்து நாலேகாலுக்குப் பிறகு 75 நிமிடம். அதில் பாதியை 30க்கு 20 மீற்றர் கட்டத்தில் நால்வருக்கு நால்வர் ஆடவிடுங்கள். பெரிய மைதானத்தில் 11 பேராக ஆடினால் ஒரு பையனின் காலுக்குப் பந்து எப்போதாவதுதான் வரும். சிறு கட்டத்தில் நிமிடத்துக்கு நிமிடம் வரும். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை மைதானம் வெள்ளமாகும் இடங்களில், பாடசாலை மண்டபத்தில் கிழமைக்கு ஒருநாளாவது பந்தைத் தொட வைக்க வேண்டும். மூன்று மாதம் விட்டால் தையில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

அதிகம் பிழை விடும் இடம் தெரிவு. 14 வயதில் மீசை அரும்பியவன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு கோல் போடுவான். 18இல் மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டியதும் அவனிடம் மிச்சமிருப்பது ஒன்றுமில்லை. வயதெல்லை ஜனவரியில் தொடங்கும் பிரிவில் தையில் பிறந்தவன் மார்கழியில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். ஆகவே கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் அளந்து குறியுங்கள். கிடுகிடுவென வளரும் காலத்தில் முழங்காற் சில்லுக்குக் கீழே நோகிறது என்று பையன் சொன்னால் அது கள்ளமல்ல. சில கிழமைக்குப் பாய்ச்சலையும் பலமான உதையையும் குறைக்க வேண்டும். பாக்வெலின் 34ஐ வாசிக்கத் தவறியதுபோல நாமும் கோல் எண்ணிக்கையை மட்டும் வாசித்தால், நல்லவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரியவனை வைத்துக்கொள்வோம்.

சேர்த்த பையன்களில் சாதாரண தரப் பரீட்சைக்கென்று ஒரு பகுதியினர் விலகிப் போவார்கள், உயர்தரத்துக்கு இன்னொரு பகுதி, கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்கு மிச்சம். 24 பேரில் 20 வயதில் ஏழெட்டுப் பேர் நின்றாலே பெரிய விளைச்சல். அதனால் ஒருமுறை சேர்த்துவிட்டு ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாது, ஒவ்வொரு தையிலும் புதிதாக எட்டுப் பேரைச் சேர்க்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் கிழமைக்கு ஒரே ஒருநாள் என்று நீங்களே குறைத்துவிடுங்கள். குறைக்காமல் மறித்து வைத்தால் தாய் தகப்பன் முழுவதும் நிறுத்துவார்கள்.

வெளியாளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கழகத்துக்கு ஒருவர், ஊரில் ஆளில்லாத இடத்துக்கு மட்டும். இறுதி ஆட்டத்தன்று காலை பஸ்ஸில் வந்து மாலையில் போகிறவராக இல்லாமல், ஆறு கிழமை தங்கி, கிழமைக்கு இரண்டு நாள் தன் இடத்தில் ஆடும் பையனைப் பழக்குபவராக இருக்க வேண்டும். கொடுப்பனவில் பாதியை முதலிலும் பாதியை அந்தப் பழக்கல் முடிந்த பிறகும் கொடுக்கலாம். சுற்றுப்போட்டி நடத்துவோர் இரண்டு விதியைச் சேர்த்தால் பாதி வேலை முடியும்: போட்டி தொடங்க 30 நாளுக்கு முன் பெயர்ப்பதிவை மூடுவது, 18 பேர் கொண்ட பட்டியலில் 20 வயதுக்குட்பட்ட உள்ளூர்ப் பையன்கள் ஐவர் இருக்கவும், அவர்களில் இருவர் எந்த நேரமும் களத்தில் நிற்கவும் வேண்டும் என்பது. வயதுக்குச் சான்று பிறப்புப் பதிவின் மூலப்பிரதி, நிழற்பிரதி அல்ல.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். இறுதி ஆட்ட முடிவை அச்சிடும்போது கிண்ணத்தோடு நிற்கும் படத்துக்குக் கீழே விளையாடிய பதினொருவரின் பெயர்களையும், ஒவ்வொருவரின் வயதையும், ஊரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
இளையோர் உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் சிலர்,
வன்னி.