எந்தக் கலத்திலும் இணையும் உடை வேண்டும்

விண்வெளி நிலையத்துக்கு ஆள் அனுப்பும் முகமைகளுக்கும் கலம் கட்டும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். 2024 ஜூனில் இருவரை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் சென்ற போயிங்கின் ஸ்டார்லைனர் கலத்தின் ஹீலியம் கசிவையும், 28 உந்திகளில் 5 பாதியில் நின்றதையும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் எழுதுவது அதற்குப் பின் வந்த 23 நாட்களைப் பற்றி.

ஸ்டார்லைனர் 2024 செப்டம்பர் 6 அன்று ஆளில்லாமல் நிலையத்தை விட்டுப் பிரிந்தது. அடுத்த கலமான ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ-9 டிராகன் வந்து சேர்ந்தது செப்டம்பர் 29. இடையில் நிலையத்தில் தீயோ காற்றுக் கசிவோ நேர்ந்திருந்தால் ஸ்டார்லைனரில் வந்திருந்த பட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் அங்கே ஏற்கெனவே நின்ற க்ரூ-8 டிராகனில்தான் ஏறியிருக்க வேண்டும். அதிலிருந்த நான்கு இருக்கைகளுக்கும் ஆள் இருந்தது. ஆகவே இருக்கைகளுக்குக் கீழே, சரக்கு வைக்கும் இடத்தில் நுரைமெத்தை விரித்து, பட்டையால் கட்டிப் படுக்கவைத்து இறக்குவதாக ஏற்பாடு. அதுவும் கலத்தில் காற்று போனாலும் உயிர்காக்கும் அழுத்த உடை இல்லாமல். அவர்கள் அணிந்து வந்த உடையின் குழாய் டிராகனில் இணையாது.

உடை இல்லாமல் இறங்குவது என்றால் என்னவென்று 1971 ஜூன் 30 அன்றே தெரிந்துவிட்டது. சோவியத்தின் சோயுஸ்-11 கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது, சுமார் 168 கி.மீ. உயரத்தில், ஒரு காற்று வால்வு திறந்துகொண்டது. டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவரும் இறந்தார்கள். உடையோடு மூன்று பேர் அமர அந்தக் கலத்தில் இடமில்லை. அதன் பிறகு உடை கட்டாயமானது, பல ஆண்டுகளுக்கு சோயுஸில் இருவர் மட்டுமே பறந்தார்கள். அத்தனை விலை கொடுத்து வந்த விதியை 2024-இல் ஒரு குழாய் முனைக்காகத் தளர்த்த நேர்ந்தது.

இருக்கையிலும் இதே கதைதான். 2022 டிசம்பரில், நிலையத்தில் நின்ற ரஷ்யாவின் சோயுஸ் எம்.எஸ்-22 கலத்தின் குளிர்விப்புத் திரவம் வெளியேறியது. மூன்று பேர் உட்கார்ந்தால் உள்ளே வெப்பம் ஏறும் என்பதால், அதில் வந்த அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோவின் உடல் அச்சில் வார்த்த இருக்கை அச்சைக் கழற்றி டிராகனுக்கு மாற்றினார்கள். அங்கே அதைப் பொருத்த உரிய சட்டகம் இல்லை, சரக்கு இடத்தில் கட்டினார்கள். மாதக்கணக்கில் எடையின்றி இருந்து எலும்பும் தசையும் மெலிந்தவரை, இறங்கும்போது பல மடங்காகும் உடல் எடையோடு அப்படிக் கொண்டுவர நினைத்ததே எங்களை உறுத்துகிறது.

ஒரே உடையை எல்லோரும் தைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இணைப்பு முனை ஒன்றாக இருக்கட்டும் என்கிறோம். டிராகன் உடையில் காற்று, மின்சாரம், பேச்சுத் தொடர்பு மூன்றும் தொடைப்பக்கம் ஒரே இணைப்பில் வருகின்றன. ரஷ்ய சோக்கோல் உடையில் காற்றோட்டத்துக்கும் ஆக்சிஜனுக்கும் மின்கம்பிக்கும் தனித்தனி. முனையின் வடிவம், ஆக்சிஜன் வரும் அழுத்தம், காற்றோட்ட அளவு, மின்னழுத்தம், ஒலிவாங்கி இணைப்பின் ஊசி வரிசை ஆகியவற்றை ஒரு பொது ஆவணத்தில் எழுதுங்கள். பழைய உடைகளுக்கு மாற்று இணைப்பி செய்து ஒவ்வொரு கலத்திலும் வையுங்கள். புதுக்குழு வந்தவுடன் நிலையத்தில் நிற்கும் மற்றக் கலத்தின் குழாயில் தம் உடையை மாட்டி, தலைக்கவசத்தின் முகப்பை மூடி, அழுத்தம் இறங்குகிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும்.

உடையும் இருக்கையும் கலமும் சேர்ந்து ஒரே அமைப்பு, பிரிக்க முடியாது என்பீர்கள். உடையிலிருந்து வழியும் ஆக்சிஜன் கேபினில் சேர்ந்தால் தீ அபாயம் என்பதும் உண்மை. ஆனால் கலம் நிலையத்தோடு இணையும் டாக்கிங் வாயிலும் இதைவிடச் சிக்கலானதுதானே? அதற்குப் பொதுத் தரத்தை 2010-இலேயே வெளியிட்டீர்கள். அதனால்தான் ஸ்டார்லைனர் காலி செய்த, நிலையத்தின் ஹார்மனி பகுதியின் முன்வாயிலில் க்ரூ-9 வந்து இணைய முடிந்தது. கலங்களுக்குச் செய்ததை மனிதர்களுக்கு ஏன் செய்யவில்லை?

2025 நவம்பரில் சீனாவின் ஷென்சோ-20 கலத்தின் சன்னலில் விரிசல் கண்டபோது, அதன் குழு ஷென்சோ-21-இல் ஏறித் திரும்பியது. இரண்டும் ஒரே வகைக் கலம் என்பதால் முடிந்தது. ஆனால் ஷென்சோ-22 வரும்வரை, ஷென்சோ-21-இல் வந்து சீன நிலையமான தியான்கொங்கில் எஞ்சிய மூவருக்கு நம்பி ஏறக் கலம் இல்லை. தன் கலம் பழுதாகாது என்ற நம்பிக்கையிலேயே ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு ஒப்பந்தமும் நடக்கிறது. அந்த நம்பிக்கை மூன்று முறை பொய்த்துவிட்டது. இப்போது தனியார் நிலையங்கள் வரவிருக்கின்றன, 2035-க்குள் இந்தியாவும் தன் நிலையத்தை அமைக்கத் திட்டமிடுகிறது. வரைபடங்கள் இறுதியாகிவிட்டால் மாற்றுவது பல மடங்கு கடினம்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம்: உடை இணைப்புக்கும் இருக்கை அச்சைப் பொருத்தும் சட்டகத்துக்கும் பொதுத் தரம் கொண்டுவாருங்கள். அதுவரை, இன்று நிலையத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எந்த மாற்றுக் கலத்தில் எந்த இருக்கை, எந்த உடை என்ற பட்டியலை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மனித விண்பயணத்தில் அக்கறை கொண்டவர்கள்