வேனுக்குள் இருந்தால் தொற்றாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கினோம், எங்களால் யாருக்கு என்ன கெடுதல் என்று கொரோனா காலப் பயணத்தைப் பற்றி இன்றும் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். 2020இல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் கட்டாயம். அப்போதும் வட்டக்கானல் வளைவில் ஒரு வேன் வந்து நின்றது, உள்ளே மெத்தை, கேஸ் அடுப்பு, மேலே பாறை ஏறும் கயிறு. சரி, முட்டை தீர்ந்தால்? எங்கள் பெட்டிக்கடைக்குத்தான் வந்தார்கள், முகக்கவசம் தாடையில் தொங்க. கல்லாவில் இருந்தது எழுபது தாண்டிய என் அம்மா. காலைக்கடனுக்கு ஓடைக்கரை, அதே ஓடையில்தான் நாங்கள் குடிக்கக் குழாய் போட்டிருக்கிறோம்.

பாறையில் கால் தவறினால் தூக்கி வர ஊர்ப் பையன்கள் நாலு பேர் வேண்டும், அவர்களுக்கு இடைவெளி ஏது? அப்புறம் பெரிய சிகிச்சை என்றால் ஆம்புலன்ஸ் மலையிறங்கி தேனிக்கோ மதுரைக்கோ போய்த் திரும்பும் வரை இங்கே மூச்சுத்திணறலில் கிடப்பவர் என்ன செய்வார்?

சுற்றுலா இல்லாமல் எங்கள் அடுப்பும் எரியாது, அதை மறைக்கவில்லை. அந்த முட்டைகளை எடுத்துக் கொடுத்தது நான்தான், ஒரு டஜன், சில்லறையை சானிடைசர் போட்டுத் துடைத்து வாங்கினேன்.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரர், வட்டக்கானல்