சாப்போ கதறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கிரேக்கக் கவிதைக் கட்டுரையில், பழங்கிரேக்கப் பெண்கவி சாப்போவைப் பற்றி, ‘கைவிடப்பட்ட சாப்போ காதல் தெய்வத்தின் காலில் விழுந்து கதறுகிறாள்’ என்றொரு வரி. அந்த வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

காதல் தெய்வமான அப்ரோடைட்டியை அழைக்கும் சாப்போவின் அந்தப் பாடல் ஏழு கண்ணி, 28 அடி. முதல் கண்ணியில் ‘மன்றாடுகிறேன்’ என்ற சொல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது கிரேக்க வேண்டுதலின் முறைப்படி கட்டிய பாட்டு என்பது தாங்கள் அறியாததல்ல. முதலில் பெயர் சொல்லி விளிப்பு. அடுத்து, ‘முன்பு எப்போதாவது வந்திருந்தால்’ என்ற நினைவூட்டல். கடைசியில், ‘இப்போதும் வா’. ஹோமரின் இலியட் காவியத்தின் ஐந்தாம் பகுதியில் போர்க்களத்தில் நின்று வீரன் டயோமெடிஸ் அத்தீனா தெய்வத்திடம் கேட்பதும் இதே முறையில்தான். சாப்போவின் கடைசி அடியும் தெய்வத்தைப் போர்த்துணையாகவே அழைக்கிறது. போர்த்துணை கேட்பவளைக் கதறுகிறாள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

தெய்வம் புன்னகையோடு, ‘மறுபடியும் என்ன துன்பம்? மறுபடியும் ஏன் அழைத்தாய்? மறுபடியும் யாரை இணங்கவைக்க வேண்டும்?’ என்று கேட்கிறது. அந்த ‘மறுபடியும்’ மூன்று முறை வருவதில்தான் இருவருக்கும் உள்ள நெடுநாள் பழக்கம் தெரிகிறது. கட்டுரையோடு வந்த மொழிபெயர்ப்பில் அது ஒருமுறைகூட இல்லை.

பாட்டில் தெய்வத்தின் தேரை இழுப்பவை சிட்டுக்குருவிகள். மொழிபெயர்ப்பில் அன்னமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் பதினோரு அசையில் மூன்று அடி, பிறகு ஐந்தே அசையில் ஓர் அடி. அந்தக் குற்றடியில் வந்து மூச்சு நிற்க வேண்டும். உரைநடையாக ஓட்டி அச்சிட்டால் நிற்க இடமேது?

எல்லாவற்றையும்விட வலித்தது ஆறாம் கண்ணி. சாப்போ விரும்பும் நெஞ்சைப் பற்றித் தெய்வம் சொல்வது அது: ‘ஓடினால் விரைவில் துரத்தும், பரிசை ஏற்காவிட்டால் தானே தரும், காதலிக்காவிட்டால் விரைவில் காதலிக்கும், விருப்பமில்லாதவளாயினும்’. கிரேக்க வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டாது. 24ஆம் அடியில், கண்ணி முடியும் இடத்தில், ஒரே ஒரு பெண்பால் விகுதி வந்து சொல்லிவிடுகிறது. தமிழ் வினைக்குப் பால் காட்டாமல் தீராது என்பது உண்மை. ‘நெஞ்சு’ என்பதை எழுவாயாக வைத்தால் அஃறிணை முடிவிலேயே மூன்றடி கடக்கலாம். உங்கள் மொழிபெயர்ப்பாளரோ முதல் அடியிலேயே ‘ஓடுகிறான்’ என்று எழுதி, காதலிக்கப்படும் பெண்ணையே பாட்டிலிருந்து அகற்றிவிட்டார்.

சாப்போ தன் ஊரான லெஸ்போஸ் தீவிலிருந்து அவ்வளவு தூரத்தில் உள்ள லெவ்காஸ் பாறைக்குப் போய்க் கடலில் குதித்தாள் என்ற கதையையும் வரலாறுபோல் சேர்த்திருக்கிறார்கள். இன்று நம்மிடம் உள்ள அவர் பாடல் எதிலும் அது இல்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் நாடகத்தில்தான் அந்தப் பாறை வருகிறது.

ஹாலிகார்னஸஸ் ஊர் டயோனிசியஸ் என்ற பழைய கிரேக்க இலக்கிய ஆய்வாளர் ஓசை நயத்துக்கு எடுத்துக்காட்டாக முழுதும் எழுதிவைத்ததால்தான் இந்த ஒரு பாடலாவது நமக்கு முழுசாகக் கிடைத்தது. அடுத்த இதழில் ‘ஓடுகிறான்’ என்பதற்கு ஒரு திருத்தமும், அன்னத்தின் இடத்தில் குருவியும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்